உஷார்! பச்சை வாந்தியா, உப்பிய வயிறா? விடியும்வரை காத்திருக்காதீர்கள்

பிறந்து சில நாட்களே ஆன குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கிறது. அல்லது வீட்டுப் பெரியவருக்குக் காலையிலிருந்து வயிறு உப்பிக்கொண்டே போகிறது, மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. இந்த இரண்டில் ஒன்று உங்கள் வீட்டில் இந்த நேரம் நடந்துகொண்டிருந்தால் இதை மூடி வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

பயமுறுத்துவதற்காக இப்படிச் சொல்லவில்லை. இரண்டுக்கும் பின்னால் குடல் முறுக்கு இருக்கக்கூடும். குடலின் ஒரு பகுதி, தன்னைத் தாங்கிப் பிடிக்கும் சவ்வோடு சேர்ந்து சுழன்று முறுக்கிக்கொள்வதுதான் குடல் முறுக்கு. முறுக்கியதும் குடலின் வழி அடைபடுகிறது. கூடவே அதற்கு வரும் ரத்தமும் தடைபடுகிறது. அடைப்பு மட்டும் என்றால் ஓரிரு நாள் உடம்பு தாக்குப்பிடித்துவிடும். ரத்தம் அடியோடு நின்ற குடலோ சுமார் ஆறு மணி நேரத்தில் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கிய வலியை "காலையில பாத்துக்கலாம்" என்று விடுகிற வீடுகள்தான் இதில் அதிகம் இழக்கின்றன.

குடல் ஏன் முறுக்கிக்கொள்கிறது? நம் குடல் வயிற்றுக்குள் சும்மா கொட்டிக் கிடக்கவில்லை. பின்பக்கச் சுவரிலிருந்து விரியும் மெல்லிய சவ்வு ஒன்று அதைத் தாங்கியிருக்கிறது. மெசன்ட்ரி என்பார்கள். குடலுக்கான ரத்தக் குழாய்கள் எல்லாம் இதற்குள்தான் ஓடுகின்றன. ஊஞ்சலின் இரண்டு கயிற்றையும் மேலே அகலமாகத் தள்ளிக் கட்டினால் பலகை நேராக ஆடும். இரண்டையும் ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டினால் ஒரு தட்டுத் தட்டினாலே சுழன்று முறுக்கிக்கொள்ளும். அதேபோல் இந்தச் சவ்வின் அடிப்பகுதி குறுகலாகவும் அதில் தொங்கும் குடல் நீளமாகவும் இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். முறுக்கு விழுந்ததும் சுவர் மெல்லியதான சிரைகள் முதலில் நசுங்குகின்றன. ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. குடல் வீங்குகிறது, கருநீலமாகிறது. வீக்கம் ஏற ஏறத் தமனியும் அடைபடுகிறது. அதற்குப் பிறகு அழுகல், ஓட்டை, வயிறு முழுக்கச் சீழ், ரத்தத்தில் நஞ்சு.

பெரியவர்களிடம் அதிகம் முறுக்கிக்கொள்வது பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு. ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, தெற்காசியா, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் பெருங்குடல் அடைப்புக்கு இது முக்கியமான காரணம். மேலை நாடுகளில் எழுபதை ஒட்டியவர்களுக்கும் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் அதிகம் வருகிறது. நம் பக்கத்தில் நாற்பது, ஐம்பது வயதிலேயே, நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் ஆண்களுக்கும் வருகிறது. நெடுநாள் மலச்சிக்கல், படுத்த படுக்கை, பார்க்கின்சன் நோய், மலச்சிக்கலை உண்டாக்கும் சில மனநல மருந்துகள் எல்லாம் துணைக் காரணங்கள். துருக்கியின் எர்சுரும் நகரத்தில் ஒரே பல்கலைக்கழக மருத்துவமனை 1966 தொடங்கி சுமார் 46 ஆண்டுகளில் 952 சிக்மாய்டு முறுக்கு நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறது. அபூர்வ நோய் என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல இது.

வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வயிறு உப்பினால் முதலில் வருகிற வார்த்தை "கேஸ்". ஒரு சோடா. அது கேட்கவில்லை என்றால் ஓமத் தண்ணீர், பெருங்காயம், சீரகக் கஷாயம். "ரெண்டு நாளா வெளிக்குப் போகலை, அதான்" என்று விளக்கெண்ணெய் கொடுப்பவர்கள் உண்டு. மருந்துக் கடையில் பேதி மாத்திரையும் வலி ஊசியும் கேட்பவர்கள் உண்டு. பக்கத்துத் தெருவில் ஒருவர் "குடல் ஏறியிருக்கு" என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி நீவிவிடுவார். சாதாரண வாயுத் தொல்லைக்கு இவையெல்லாம் பெரிய கெடுதல் செய்யாமல் போகலாம். முறுக்கிய குடலுக்கு ஒவ்வொன்றும் கேடு. அடைபட்ட குடலுக்கு மேலே பேதி மருந்தைக் கொடுத்தால் குடல் இன்னும் வேகமாக உந்தும், அழுத்தம் ஏறும். நலிந்துபோன குடலை வெளியிலிருந்து அமுக்கினால் கிழியலாம். வலி ஊசி வலியை மட்டும் மறைத்துவிட்டு அழுகலைத் தொடர விடும். கை வைத்தியம் செய்பவரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் முறுக்கிய குடலை வெளியிலிருந்து நீவி எந்தக் கையும் நேராக்கிவிட முடியாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

எப்போது இதை "கேஸ்" என்று விடக்கூடாது? காற்று பிரிவது அடியோடு நின்றுவிட்டால் விடக்கூடாது. வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு, தட்டினால் ஓசை எழும்படி இறுகினால் விடக்கூடாது. வலி விட்டுவிட்டு வந்தது போய் நிற்காமல் நீடித்தால், காய்ச்சல் வந்தால், ஆசனவாயில் ரத்தம் வந்தால், நாடித் துடிப்பு வேகமெடுத்து உடம்பு வியர்த்துக் குளிர்ந்தால், குடல் அழுகத் தொடங்கியிருக்கலாம். பெருங்குடல் முறுக்கில் வாந்தி தாமதமாகத்தான் வரும். அதனால் "வாந்தி இல்லையே" என்று தைரியம் கொள்ளாதீர்கள். மறதி நோய் உள்ளவர்களும் மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களும் வலியைச் சொல்லத் தெரியாமல் சுருண்டு படுத்திருப்பார்கள். அவர்களுடைய வயிற்றை நீங்கள்தான் கை வைத்துப் பார்க்க வேண்டும். கடுமையாக வலித்த வயிறு, உப்பல் குறையாமல் திடீரென்று அமைதியானாலும் நிம்மதி அடையாதீர்கள். வலி குறைவது எப்போதும் நல்ல சேதி அல்ல.

இன்னொரு குறிப்பையும் வீட்டார் தவறவிடுகிறார்கள். போன வருஷம் ஒரு முறை இதேபோல் வயிறு உப்பி, பிறகு ஒரு நாள் பெருஞ்சத்தத்தோடு காற்றும் மலமும் பிரிந்து சரியாகியிருக்கும். அது முறுக்கிய குடல் தானே அவிழ்ந்த சம்பவமாக இருக்கலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனைக்குப் போனதும் முதல் வேலை, சிரை வழியே திரவம் ஏற்றி, மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய் போட்டு, எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுப்பது. எக்ஸ்ரேயில் சிக்மாய்டு வயிற்றை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய காப்பிக்கொட்டை வடிவத்தில் தெரியும். ஸ்கேனில் ரத்தக் குழாய்கள் ஒரு மையத்தைச் சுற்றிச் சுழிந்திருப்பது தெரியும். குடல் அழுகியதற்கான அடையாளம் இல்லை என்றால் வயிற்றைத் திறக்காமலே முறுக்கை அவிழ்க்கலாம். ஆசனவாய் வழியாக எண்டோஸ்கோப்பை மெல்ல ஏற்றுவார்கள். முறுக்கின் கழுத்தில், சுழன்று குவிந்து நிற்கும் சதையின் நடுவே முனை நுழைந்ததும், அடைபட்டிருந்த காற்றும் திரவமும் பீறிட்டு வெளியேறும். மலைபோல் இருந்த வயிறு கண்ணெதிரே இறங்கும். நோயாளி அப்போதுதான் மூச்சை முழுதாக இழுத்து விடுவார். 1947-ல் நார்வேயைச் சேர்ந்த ப்ரூஸ்கார்ட் இப்படிக் குழாய் வழியே அவிழ்க்கும் முறையைத் தன் நோயாளிகளின் விவரங்களோடு வெளியிட்டார். அதிலிருந்து உலகெங்கும் இந்த வழி ஏற்கப்பட்டது. பத்துப் பேரில் ஆறு முதல் ஒன்பது பேருக்கு இது பலன் தருகிறது. அவிழ்த்த பிறகு ஒரு குழாயை ஒன்றிரண்டு நாள் உள்ளேயே விட்டுவைப்பார்கள்.

இந்த இடத்தில்தான் நான் அதிகம் பதறுகிறேன். வயிறு இறங்கிவிட்டது. பெரியவர் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்கிறார். அறுவை சிகிச்சை நிபுணர் வந்து, "இந்தத் தடவையே அந்த நீளக் குடலை எடுத்துடறது நல்லது" என்கிறார். வார்டில் உடனே பேச்சு தொடங்கும். "அப்பாவுக்குத்தான் சரியாயிடுச்சே டாக்டர். இந்த வயசுல கத்தி வைக்கணுமா?" ஊரிலிருந்து வந்த சித்தப்பா, "காசு புடுங்கப் பாக்கறாங்க, கூட்டிட்டு வா" என்பார். மகள் அழுவாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

அவிழ்ந்தது முறுக்குதான். முறுக்கிக்கொள்ளும் அந்த நீளக் குடலும் குறுகிய அடிப்பகுதியும் அப்படியே உள்ளே இருக்கின்றன. எண்டோஸ்கோப்பால் அவிழ்த்ததோடு நிறுத்திக்கொண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, சில ஆய்வுகளில் அதற்கும் அதிகமானவர்களுக்கு, மறுபடி முறுக்கு விழுகிறது. வாரக்கணக்கிலும் விழலாம், ஆண்டு கழித்தும் விழலாம். அது நடுராத்திரியில், வெளியூரில், உதவிக்கு ஆள் இல்லாத நாளில் விழலாம். அமெரிக்கப் பெருங்குடல், மலக்குடல் அறுவை நிபுணர்கள் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், அவசரக் கட்டம் தணிந்ததும் சிக்மாய்டை அகற்றிவிடுவதையே மறுமுறுக்கைத் தடுக்கும் வழியாகச் சொல்கிறது. திட்டமிட்டு, குடலைச் சுத்தம் செய்து, ரத்தச் சர்க்கரையையும் இதயத்தையும் பார்த்துவிட்டுச் செய்யும் அறுவைக்கும், அழுகிய குடலோடு ரத்த அழுத்தம் விழுந்த நிலையில் செய்யும் அறுவைக்கும் உயிராபத்தில் பல மடங்கு வித்தியாசம். "இந்த வயசுல தாங்குவாரா?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை மருத்துவரிடமே கேளுங்கள். கூடவே, "செய்யாம விட்டா அடுத்த தடவை தாங்குவாரா?" என்பதையும் கேளுங்கள். இதயம், நுரையீரல் மிக நலிந்து மயக்க மருந்தே ஆபத்து என்கிற சிலருக்கு அறுவை வேண்டாம் என்று மருத்துவரே முடிவெடுப்பது உண்டு. அந்த முடிவு மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எடுத்ததாக இருக்கட்டும். வராந்தாவில் உறவினர் கூட்டம் எடுத்ததாக இருக்க வேண்டாம்.

குடலை வெட்டாமல் நேராக்கி, வயிற்றுச் சுவரோடு தைத்து வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சிக்மாய்டைப் பொறுத்தவரை அப்படித் தைத்து வைத்ததில் முறுக்கு திரும்ப வருவது அதிகம். அதனால் உடம்பு தாங்கும் என்றால் அகற்றுவதையே பெரும்பாலான நிபுணர்கள் விரும்புகிறார்கள். வலது பக்கம், குடல்வால் ஒட்டியிருக்கும் சீக்கம் முறுக்கிக்கொண்டால் கதை வேறு. அங்கே எண்டோஸ்கோப் பெரும்பாலும் பலன் தருவதில்லை. நேரே அறுவைதான். இது சற்று இளைய வயதுப் பெண்களிடமும் முன்பு வயிற்றில் அறுவை நடந்தவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது.

தாமதமாக வந்தவர்களுக்கு என்ன நடக்கிறது? வயிற்றைத் திறந்ததும் முதலில் நாற்றம் வரும். பிறகு கறுத்துப்போன குடல் வளையம் தெரியும். அறுவை நிபுணர் முறுக்கை அவிழ்த்து, சந்தேகமான பகுதியை வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் போர்த்திவிட்டு, நூறு சதவீத ஆக்சிஜனைக் கொடுக்கச் சொல்லிக் காத்திருப்பார். சில நிமிடங்கள் கழித்துத் துணியை விலக்கிப் பார்ப்பார். கருநீலம் சிவப்புக்குத் திரும்புகிறதா, சவ்வில் நாடி துடிக்கிறதா, விரலால் தொட்டால் குடல் அசைகிறதா என்று பார்ப்பார். திரும்பினால் குடல் பிழைத்தது. திரும்பாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டியதுதான். முழுக்க அழுகிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தால் அவிழ்க்காமல் அப்படியே அகற்றிவிடுவதும் உண்டு. அவிழ்த்தால் அங்கே தேங்கிய நஞ்சு உடம்புக்குள் பரவிவிடும் என்ற கவலை அதற்குக் காரணம்.

வெட்டிய முனைகளை உடனே இணைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. வயிறு சுத்தமாகவும் ரத்த அழுத்தம் நிலையாகவும் இருந்தால் இணைக்கலாம். அழுகலும் சீழும் இருந்தால் தையல் பிரிந்துவிடும் அபாயம் உண்டு. அப்போது மேல் முனையை வயிற்றுச் சுவருக்கு வெளியே கொண்டுவந்து பை பொருத்துவார்கள். "வயித்துல பை" என்ற சொல்லைக் கேட்டதும் பல குடும்பங்கள் உறைந்துபோகின்றன. பை வேண்டாம் என்று கையெழுத்துப் போட மறுத்து மணிக்கணக்கில் இழுத்தடிப்பதும் நடக்கிறது. அந்தப் பை உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு. பலருக்குச் சில மாதம் கழித்து இன்னொரு அறுவையில் குடலை இணைத்துப் பையை எடுத்துவிடலாம். வயதும் மற்ற நோய்களும் இடம்கொடுக்காத சிலருக்கு அது நிரந்தரமாகிவிடுவதும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. பையோடு சமைக்கிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்குகிறவர்கள் ஏராளம். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் பையை மாற்றுவதையும் தோலைக் காப்பதையும் செவிலியரிடம் வீட்டில் இருவராவது கற்றுக்கொள்ளுங்கள்.

விளைவு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் 2002 முதல் 2010 வரை பெருங்குடல் முறுக்கோடு சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 63,700 பேரின் விவரங்களை அலசிய ஆய்வு 2014-ல் வெளியானது. சிக்மாய்டு முறுக்கில் இறப்பு 9.4 சதவீதம். சீக்க முறுக்கில் 6.6. குறுக்குப் பெருங்குடல் முறுக்கில் 18. சிக்மாய்டு முறுக்கியவர்களின் சராசரி வயது 70. இறப்பைக் கூட்டியவற்றில் முன்னால் நின்றவை குடல் அழுகலும் வயிற்றுச் சீழும். வயதை யாராலும் குறைக்க முடியாது. அழுகல் வருவதற்குள் மருத்துவமனைக்குப் போவது நம் கையில் இருக்கிறது.

இனி குழந்தைகள். இது இன்னும் கொடியது. ஏனென்றால் இங்கே பறிபோவது ஒரு வளையம் அல்ல, பெரும்பாலும் சிறுகுடல் முழுவதும்.

தாயின் வயிற்றில் கரு வளரும்போது ஆறாவது வாரம் வாக்கில் குடல் தொப்புள்கொடிக்குள் இறங்கி, பத்தாவது வாரம் வாக்கில் வயிற்றுக்குத் திரும்பி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 270 டிகிரி சுழன்று தன் இடத்தில் அமர வேண்டும். சில குழந்தைகளிடம் இந்தச் சுழற்சி பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் சிறுகுடலைத் தாங்கும் சவ்வின் அடிப்பகுதி அகலமாக விரியாமல் குறுகிப்போகிறது. முழுச் சிறுகுடலும் ஒரே ஒரு ரத்தக் குழாயைச் சுற்றிச் சுழலத் தயாராகத் தொங்குகிறது. பிறந்த முதல் மாதத்தில்தான் இது அதிகம் முறுக்குகிறது. பெரும்பாலானவை முதல் வயதுக்குள் வெளிப்படுகின்றன. வளர்ந்த பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் அரிதாக வருவதுண்டு.

இதன் எச்சரிக்கை மணி பச்சை வாந்தி. குழந்தை கக்கும் பால் வெள்ளையாக, தயிராக வருவது சகஜம். கிளிப்பச்சையோ கரும்பச்சையோ கலந்து வந்தால் அது பித்தநீர். குடல் எங்கோ அடைபட்டிருக்கிறது என்று பொருள். பச்சை வாந்தி எடுக்கும் எல்லாக் குழந்தைக்கும் முறுக்கு இருந்துவிடாது. ஆனால் இல்லை என்று பரிசோதனையில் உறுதியாகும்வரை இருக்கிறது என்றே மருத்துவ உலகம் எடுத்துக்கொள்கிறது. தாய்மாரை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. அடைப்பு மேலே இருப்பதால் தொடக்கத்தில் வயிறு உப்பாது. தொட்டால் மெத்தென்றிருக்கும். முதல் மலம் ஒழுங்காகப் போயிருக்கும். எக்ஸ்ரேகூடச் சில வேளை சாதாரணமாகத் தெரியும். வயிறு இறுகி, மலத்தில் ரத்தம் வந்து, குழந்தை துவண்டுவிழும்போது குடல் கறுத்திருக்கும்.

அந்த நேரத்தில் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? "உரம் விழுந்திருக்கு" என்று புடவையில் போட்டு உருட்டுகிறோம். "தொக்கம் எடுக்கணும்" என்று ஒருவரைத் தேடிப் போகிறோம். குடல் தட்டுகிறோம். வசம்பு சுட்டு நாக்கில் தடவுகிறோம், கிரைப் வாட்டர் ஊற்றுகிறோம். பாட்டிமார்களுக்கு என் வேண்டுகோள் இது: பேரக்குழந்தை மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை யாருக்கும் வராது. பச்சை வாந்தி என்று தெரிந்த நொடியில் "ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று முதலில் சொல்கிறவர் நீங்களாக இருங்கள். உங்கள் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு இருக்காது.

வாந்தி பட்ட துணியைத் துவைத்துவிடாதீர்கள். பையில் போட்டு எடுத்துப் போங்கள், அல்லது வெளிச்சத்தில் படம் பிடித்து வையுங்கள். "மஞ்சளா, பச்சையா?" என்று மருத்துவர் கேட்கும்போது வாய்ச் சொல்லைவிடத் துணி தெளிவாகப் பதில் சொல்லும். அல்ட்ராசவுண்டில் ரத்தக் குழாய்கள் சுழிந்திருப்பதைப் பார்க்கலாம். சாய மருந்தை உள்ளே செலுத்தி எடுக்கும் படத்தில் முன்சிறுகுடல் தவறான இடத்தில் இருப்பதோ, திருகாணியாக நெளிந்து இறங்குவதோ தெரியும். குழந்தை ஏற்கெனவே துவண்டிருந்தால் படத்துக்காகக் காத்திராமல் நேரே அறுவைக்கு எடுத்துப் போவார்கள்.

அந்த அறுவைக்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் லாட் பெயர். 1930-களில் அவர் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. குழந்தையின் குடல் பெரும்பாலும் கடிகாரத் திசையில் முறுக்கியிருக்கும், எனவே எதிர்த்திசையில் சுற்றி அவிழ்க்கிறார்கள். முன்சிறுகுடலை நெருக்கும் பட்டைகளை வெட்டி விடுவிக்கிறார்கள். குறுகிக் கிடக்கும் சவ்வை விரித்து அகலமாக்குகிறார்கள். சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் கிடத்துகிறார்கள். குடல்வாலையும் எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் இனி அது வழக்கமான இடத்தில் இருக்காது, பின்னாளில் அழற்சி வந்தால் கண்டுபிடிப்பது கடினம். இந்தக் குழந்தையின் குடல் மற்றவர்களைப்போல் அமைந்திருக்காது என்பதால், டிஸ்சார்ஜ் சீட்டை அந்தப் பிள்ளை வளர்ந்து கல்யாணமான பிறகும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

நேரத்தோடு போன குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் குடலை இழக்காமல், மற்றப் பிள்ளைகளைப்போல் தின்று வளர்கிறார்கள். முறுக்கு திரும்ப வருவது மிகச் சிலருக்கே. குடல் சந்தேகமான நிலையில் இருந்தால் வயிற்றை மூடிவிட்டு, 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்ப்பதுண்டு. ஒரு அங்குலக் குடலையாவது மிச்சம் பிடிக்க முடியுமா என்பதற்காகத்தான் அது. பெரும்பகுதி அழுகிப்போனால் மிஞ்சிய குடல் சத்தை உறிஞ்சப் போதாது. குழந்தை மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் ஊட்டச் சத்தை நம்பி வாழ வேண்டும். அதற்கான குழாயில் கிருமி தொற்றும், கல்லீரல் கெடும், செலவு எந்தக் குடும்பத்தையும் உருக்கிவிடும். குடல் மாற்று அறுவை இந்தியாவில் நடக்கிறது, சென்னையிலும் நடக்கிறது. ஆனாலும் அது வேறு வழியே இல்லாதவர்கள் போகும் கடினமான பாதை.

இன்னும் இரண்டு கூட்டத்தாருக்குச் சுருக்கமாக. கர்ப்பிணிகளுக்கு வரும் குடல் அடைப்பில் சிக்மாய்டு முறுக்கு முக்கியமான ஒன்று. மலச்சிக்கல், பிரசவ வலி என்று எண்ணி நாள் கடத்துவதும், ஸ்கேனுக்குப் பயந்து மறுப்பதும் தாயையும் சிசுவையும் சேர்த்து ஆபத்தில் தள்ளும். முன்பு எப்போதாவது வயிற்றில் அறுவை நடந்தவர்களுக்கு உள்ளே ஒட்டிக்கொள்ளும் நார்ப்பட்டையைச் சுற்றிச் சிறுகுடல் முறுக்கலாம். தழும்புள்ள வயிற்றில் வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அந்தப் பழைய அறுவையை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

கிளம்பும்போது நோயாளிக்கு வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். கடைசியாக எப்போது காற்று பிரிந்தது, எப்போது வாந்தி வந்தது, என்ன நிறம், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லும் ஆள் கூடப் போகட்டும். அறுவை நிபுணர் இல்லாத சின்ன கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு ராத்திரியைக் கழிப்பதுதான் பலருடைய குடலைக் கொன்றிருக்கிறது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆம்புலன்ஸ் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரவிலும் அறுவை நிபுணர் இருப்பார். சென்னை எழும்பூர் அரசுக் குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான அறுவைப் பிரிவே இருக்கிறது. பணம் இல்லை என்பதற்காக விடியும்வரை யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

உங்கள் வீட்டுக்குக் கிட்டத்தில் இரவு இரண்டு மணிக்கும் வயிற்று அறுவை செய்யக்கூடிய மருத்துவமனை எது, கைக்குழந்தைக்கு அறுவை செய்பவர் எங்கே இருக்கிறார் என்று இன்றைக்கே விசாரித்து, அந்த எண்களை வீட்டில் எல்லாருடைய போனிலும் போட்டு வையுங்கள்.